சிவக்காத நாற்பத்து மூன்று

கடலோரப் பாறையில் குப்புறப் படுத்து, கையடக்க லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் அந்த அம்மாள். மேலேயிருந்து யாரோ பதறிப்போய்க் கூப்பிடுகிறார்கள். “விழலப்பா, பாத்துக்கிட்டிருக்கேன்” என்கிறார், தலையைத் தூக்காமலே.

அருங்காட்சியகத்தில் லைக்கன் பிரிவு அவருடையது. தோலில் வரும் படைபோலப் பாறைமேல் அப்பிக்கிடக்குமே, அதுதான் லைக்கன். துறைமுகத்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், படை டாக்டர். “என் நோயாளி எவனும் இடத்தவிட்டு நகரமாட்டான். அந்த மட்டும் நிம்மதி” என்பார்.

சாம்பல் நிறத்தில் இரண்டு வகை, அக்கா தங்கை மாதிரி அச்சு அசல். ஒன்று எங்கும் கிடைக்கும், மற்றது அரிது. பிளேடால் மேல்தோலைச் சுரண்டி ஒரு சொட்டு பிளீச் விட்டால் தெரிந்துவிடும். “அபூர்வக்காரி சட்டுனு செவந்துடுவா. இன்னொருத்தி கல்லுளிமங்கி.”

அலைத்தடுப்புச் சுவருக்காக உடைக்கவிருந்த மேற்குப் பாறையில் போன வருடம் நாற்பத்து மூன்று மாதிரிகள் எடுத்தார். ஒன்றும் சிவக்கவில்லை. ‘அரிய வகை இங்கில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். நாளை இயந்திரம் வருகிறது.

இன்று காலை கணவர் ஈரச் சட்டையோடு வந்து நின்றார். “ஆபீஸ்லேருந்து கொண்டாந்தியே, அந்த பிளீச்சா இது? வெறும் தண்ணி. ஒரு கறை போகல.”

அம்மாள் பாட்டிலை வாங்கிப் பார்த்தார்; மேற்குப் பாறை மாதிரிகளைச் சோதித்த அதே பாட்டில். பிளீச் பழசானால் வீரியம் போய்விடும். தேதியைப் பார்த்தார். போன வருடமே அந்தப் பாட்டிலுக்கு மூன்று வயது.

அருங்காட்சியகத்துக்கு ஓடினார். புதுப் பாட்டில் திறந்து, மேற்குப் பாறை மாதிரிகளில் முதல் காகித உறையைப் பிரித்தார். சொட்டு விட்டதும் சிவந்தது. இரண்டாவதும். ஏழாவதில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடவே வந்த கணவர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த மாசம் உனக்கு ரிட்டையர்மென்ட். இனிமே யாரு இத எடுத்துப் பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டேனேங்க.”

துறைமுகப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தார். “சார், படை டாக்டர் பேசறேன். அபூர்வ வகை அங்க இருக்கு. தப்பு என்னோடது, கெட்டுப்போன மருந்து. நாளைக்கு கைய வெக்காதீங்க.”

“என்னம்மா இது, வண்டி கிளம்பியாச்சு!” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “சரி, நிறுத்தி வெக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள எழுத்துல குடுத்துடுங்க.”

உறைகளின் மேல் புதுப் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். தப்பான வகைப்பெயரும் அவர் கையெழுத்தும் இருக்கும் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. அது அந்தத் தொழிலின் வழக்கம். முதல் உறையில் ஒட்டியபோது, புதுச் சீட்டு வழுக்கிப்போய்ப் பழைய கையெழுத்தைப் பாதி மூடிவிட்டது.

பசை காய்வதற்குள் நகத்தால் அதை நெம்பி எடுத்து, தன் பெயர் முழுசாகத் தெரியும்படி இரண்டு விரல் கீழே தள்ளி ஒட்டினார்.