மூக்குக்கண்ணாடி டப்பாவும் நாற்பத்தொரு நாளும்

வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'கற்றல் உதவியாளர்' என்று இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் நிழல் மிஸ். ஏதாவது ஒரு பிள்ளைக்கு அரை அடி பின்னால், சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. வயது ஐம்பத்தொன்று. அந்த ஆரம்பப் பள்ளியில் பதினேழு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை பார்த்துக்கொண்ட பிள்ளைகள் பதினொரு பேர். பிள்ளைக்கு ஒன்றாகப் பழுப்பு அட்டை போட்ட பதினொரு நோட்டுகள் ஆசிரியர் அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தன.

இந்த வேலைக்கென்று அவள் வந்தவள் அல்ல. அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போன இரண்டு மாதத்துக்குத் தட்டச்சு செய்ய வந்தவள். வந்த மூன்றாம் நாள், சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்க ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது, ஒரு பிள்ளை மேசைக்கடியில் ஒடுங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. கெஞ்சியும் மிரட்டியும் அலுத்துப்போய் நின்றார்கள். அவள் சுற்றறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, தானும் குனிந்து உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது நிமிடம் கழித்துச் சாப்பாட்டு மணி அடித்ததும் இருவரும் பசியோடு வெளியே வந்தார்கள். தட்டச்சுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை மறுநாளே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாவதாக வந்தவள் மூன்றாம் வகுப்புத் தட்டான். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் சிறகுபோல் படபடவென்று அடிப்பாள் என்பதால் அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். தட்டானுக்கு எழுத்தும் தெரியும், கணக்கும் தெரியும். தொடங்கத்தான் வராது. பென்சிலைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்து அரைமணி நேரம் இருப்பாள். தொடங்கிவிட்டால் பிழையில்லாமல் முடித்துவிடுவாள். பேச்சும் அளந்துதான். அந்தக் குறையைப் பக்கத்தில் உட்காரும் வாயாடி இருவருக்குமாகப் பேசித் தீர்த்துவந்தாள்.

அந்த வருடக் கடைசியில் தட்டானுக்கு மதிப்பீடு. காலை ஒன்பது நாற்பதுக்கு எழுத்துவேலை கொடுத்தால் அவள் எப்படித் தொடங்குகிறாள் என்று ஐம்பது பள்ளி நாட்கள் குறிக்க வேண்டும். தாளில் இரண்டு கட்டங்கள்: 'தானாக', 'உதவியோடு'. நூற்றுக்கு எண்பது 'தானாக' வந்தால் அதே வகுப்புப் பிள்ளைகளோடு நான்காம் வகுப்பு. வராவிட்டால், நேரில் பார்க்க வரும் அதிகாரி வேண்டாம் என்றாலொழிய, பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறப்புப் பள்ளி.

தட்டானின் அம்மா ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள். "அது நல்ல ஸ்கூல்தான்க்கா. நானே போய்ப் பார்த்தேன். ஆனா அங்க இந்த வாயாடி இல்லையே. இவளுக்கு ஃப்ரெண்டுன்னு வாய்ச்சதே இது ஒண்ணுதான்."

ஐம்பதாம் நாள் முடிந்தபோது 'தானாக' நாற்பத்தொன்று. நூற்றுக்கு எண்பத்திரண்டு. மீதி ஒன்பது நாளும் தட்டான் தொடங்கவே இல்லை. அன்று மனது சரியில்லை என்று நோட்டில் எழுதியிருந்தாள் நிழல் மிஸ். தாளைத் தலைமை ஆசிரியையிடம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

ஐம்பத்தொன்றாம் நாள் அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள்.

ஒன்பது நாற்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. தட்டான் பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது வாயாடி திரும்பினாள்.

"மிஸ், நீங்க இன்னும் டப்பாவைத் திறக்கலையே."

"எந்த டப்பா?"

"கண்ணாடி டப்பா. டக்குன்னு சத்தம் கேட்டாத்தானே இவ எழுதுவா."

"யாருடி சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் மிஸ். உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத்தான் தெரியவில்லை. பழைய தகர டப்பா, மூடி இறுக்கம். எழுத்துவேலை தொடங்கியதும் நோட்டில் நேரம் குறிக்க அதைத் திறப்பாள். அந்த 'டக்'குக்குப் பிறகே தட்டானின் பென்சில் நகர்ந்திருக்கிறது. இடைவேளையில் நோட்டைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். தட்டான் தொடங்காத ஒன்பது நாளும், தான் முதல் பாடவேளையில் ஒன்றாம் வகுப்புக்குக் கதை வாசித்துக்காட்டப் போன நாட்கள். வரும்போதே கண்ணாடி முகத்தில் இருந்திருக்கிறது.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு: தொடுதல், சொல், சைகை, ஒலி எதுவானாலும் உதவியே.

வகுப்பாசிரியை கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு டப்பாச் சத்தத்தையெல்லாம் யார் உதவி என்று சொல்லப்போகிறார்கள், அப்படியே கொடுத்துவிடுங்கள் என்றார். அன்பாகச் சொன்ன பேச்சுதான். நிழல் மிஸ் தாளைக் கொடுக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைக்கையில் கிரீஸோடு உட்கார்ந்து முழுவதும் கேட்டார்.

"பதினேழு வருஷமா பிள்ளைங்களைக் கவனிக்கிறேன் கவனிக்கிறேன்னு சொல்லிட்டிருந்தே. ஒரு பிள்ளை உன்னைக் கவனிச்சிட்டு இருந்திருக்கு, அது தெரியலை பாரு."

"கிண்டல் அப்புறம் பண்ணுங்க. நான் மாத்தி எழுதினா அந்தப் பொண்ணு போயிடுவா."

"மாத்தலைன்னா?"

"அடுத்த வருஷம் நான் இல்லாத ஒரு நாள்ல கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பா. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப என்னை எதுக்குக் கேட்கிறே?" என்று அவர் கைகழுவப் போனார்.

மறுநாள் நாற்பத்தொரு குறிகளையும் அடித்தாள். படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'உதவியோடு: டப்பா ஒலி' என்று எழுதி, நாற்பத்தொரு கையெழுத்து போட்டுக் கொடுத்தாள். 'தானாக' என்ற கட்டத்தில் மிஞ்சியது பூஜ்யம்.

அதிகாரி வர ஒன்பது பள்ளி நாட்கள் இருந்தன. கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, டப்பாவைத் தட்டானின் மேசையில் வைத்தாள். முதல் நாள் தட்டான் எழுந்து வந்து டப்பாவை நிழல் மிஸ்ஸின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் அதுவே. யாரோ மறந்து வைத்த பொருளை ஒப்படைக்கிற பொறுப்பு அந்த முகத்தில் இருந்தது. மூன்றாம் நாள் நிழல் மிஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. பொறுக்கமுடியாமல் வாயாடி டப்பாவுக்குக் கை நீட்ட, அவளைத் தடுப்பதே அன்றைய பெரிய வேலையாகிவிட்டது.

நான்காம் நாள் தட்டான் டப்பாவைப் புரட்டினாள், முகர்ந்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு திறந்தாள். 'டக்.' தன் கையிலிருந்தே அந்தச் சத்தம் வந்ததில் திடுக்கிட்டு, கைகளைப் படபடவென்று அடித்துச் சிரித்து, ஐந்து வரி எழுதினாள். அதற்குப் பிறகு தினமும் நிழல் மிஸ்ஸின் நாற்காலி இரண்டு தரைக்கல் பின்னால் போயிற்று. எட்டாம் நாள் வராந்தாவுக்கே போய்விட்டது.

அதிகாரி தோளில் கனத்த பையோடு வந்த நடுவயதுப் பெண்மணி. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நிழல் மிஸ் வராந்தாவில் சின்ன நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி. எழுத்துவேலை கொடுத்தாயிற்று. இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். 'டக்.' பெருமூச்சு விடப் போனவள் பாதியில் நிறுத்தினாள். சத்தம் கொஞ்சம் மொத்தையாக இருந்தது. தகரம் இப்படிக் கேட்காது. அது அதிகாரியின் கண்ணாடி டப்பா.

எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். இதைக் கேட்டுத் தட்டான் தொடங்கியிருந்தால் இதையும் உதவி என்றுதான் எழுதவேண்டும், தானே உள்ளே போய்ச் சொல்லவும் வேண்டும். எழுந்தே விட்டாள். அப்போது இன்னொரு 'டக்', மெல்லிசாக. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நாற்பது விநாடி இருக்கும். எந்த டப்பாவுக்குப் பென்சில் நகர்ந்ததென்று சுவர் சொல்லவில்லை.

மணி அடித்ததும் முதலில் ஓடிவந்தது வாயாடி.

"மிஸ், அவங்க டப்பாவைத் திறந்தாங்க. இவ திரும்பி முறைச்சுப் பார்த்தா. எழுதவே இல்லை. அப்புறம் தன்னோடதை எடுத்துத் திறந்துட்டு எழுதினா. நான் ஒண்ணுமே பேசலை மிஸ், வாயைப் பொத்திக்கிட்டேன்."

அதிகாரி நாற்பத்தொரு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார்.

"இத்தனையும் நீங்களா அடிச்சீங்க?"

"ஆமாங்க."

"அடிக்காம விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமேங்க."

அதிகாரி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் காலையில கண்ணாடியைத் தேடி எடுக்காம ஒரு வேலையும் ஓடாது. என்னை யாரும் வேற ஆபீஸுக்கு அனுப்பலை" என்று சொல்லிவிட்டு எழுதினார்: 'தானாகத் தொடங்குகிறாள், தன் டப்பாவோடு. இதே பள்ளியில் தொடரலாம். ஒரு வருடம் கழித்து மறுமதிப்பீடு.'

தட்டானின் அம்மா அன்று வாசலில் நிழல் மிஸ்ஸின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. வாயாடிதான் இருவருக்கும் நடுவில் நின்று மொத்தக் கதையையும் முதலிலிருந்து சொன்னாள்.

விடுமுறை முடிந்து நான்காம் வகுப்பின் முதல் நாள். நிழல் மிஸ் வராந்தாவில் நின்று இன்னொரு பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நீண்டது. ஒன்பது நாற்பது தாண்டிவிட்டது. முழங்கை அருகே யாரோ வந்து நிற்பது தெரிந்து குனிந்தாள். தட்டான் தகர டப்பாவை அவள் காதுக்கு நேரே உயர்த்திப் பிடித்து ஒருமுறை 'டக்' என்று திறந்துவிட்டு, அவள் தொடங்கட்டும் என்று காத்து நின்றாள்.