எதிர்ப்பக்கம் போன படகு

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் அவளைக் காம்பஸ், அதாவது திசைகாட்டி, என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர்கள் மீட்புப் படகுக்காரர்கள். கடலில் எஞ்சின் நின்றுபோன படகு எந்தத் திசையில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. காற்றின் தள்ளலையும் நீரோட்டத்தின் இழுப்பையும் சேர்த்து, கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று பிரிப்பாள். மேற்கோ தெற்கோ என்றால் கழித்தல் குறி. கிழக்கை வடக்கால் வகுத்து, கால்குலேட்டரில் தலைகீழ் டேன் பொத்தானை அழுத்தினால் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று வந்துவிடும்.

வந்துவிடும் என்பது பாதிப் பொய். கழித்தலைக் கழித்தலால் வகுத்தால் கூட்டல் ஆகிவிடுகிறது. தென்மேற்கே போகிற படகுக்கும் வடகிழக்கே போகிற படகுக்கும் கால்குலேட்டர் ஒரே கோணத்தைக் காட்டும். அது பாவம், கடலைக் கண்டதா காற்றைக் கண்டதா! அதனால் காம்பஸ் முதலில் தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்து, நாலில் எந்தக் கால்பகுதி என்று அம்பு போட்ட பிறகுதான் பொத்தானைத் தொடுவாள். அம்பு கீழே இடப்பக்கம் விழுந்தால் விடையோடு நூற்றெண்பதைக் கூட்டுவாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிப் படம் போடுகிறாளே என்று கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒரே ஒரு காலையில் அந்தப் படத்தைப் போடவில்லை. வயர்லெஸ்ஸில் வந்த குரல் அவளுடைய அக்கா கணவருடையது.

"எஞ்சின் நின்னுபோச்சு. சரிபண்ணப் போனேன், திடீர்னு ஒரு சுத்து சுத்தி பெல்ட்ல கால் சிக்கிடுச்சு. ரத்தம் நிக்கல."

இருக்கும் இடத்தைச் சொல்லி முடித்ததும் தொடர்பு அறுந்தது. காம்பஸ் தாளை எடுக்கவே இல்லை. மேற்கே மூன்று, தெற்கே நான்கு. வகுத்தாள், அழுத்தினாள். முப்பத்தேழு.

"வடக்கிலருந்து முப்பத்தேழு! சீக்கிரம் போங்கண்ணே, எங்க மாமா அது!" என்று மைக்கில் கத்தினாள்.

மீட்புப் படகு அவர் சொன்ன இடத்துக்குப் போய், அங்கிருந்து அவள் சொன்ன பக்கம் திரும்பியது. தேடியது, தேடியது, கிடைக்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்துக் கொடியைப் பார்த்தாள். அது தென்மேற்காக விறைத்துக்கொண்டு பறந்தது. படம் போடாதது அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடிப்போய், "இருநூத்துப் பதினேழு, எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்" என்றாள்.

மாமா பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்கா இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உயிரோட கொண்டாந்து குடுத்துட்டடி. உன் கணக்கு இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

அன்றிலிருந்து அக்கா யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. பக்கத்து வீடு, பஸ், காய்கறிக் கடை, ஓரிடம் பாக்கியில்லை. கேட்கும்போதெல்லாம் காம்பஸுக்குத் திருடிய நகையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். மேலதிகாரியிடம் தவறை அன்றே சொல்லிவிட்டாள்; அவர் திட்டினார், அது நன்றாக இருந்தது. அக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை. இதைச் சொல்கிற எனக்கு அவள்மேல் கோபம்தான். கணக்குத் தப்பானதற்கு அல்ல, இத்தனை நாள் விழுங்கிக்கொண்டு இருந்ததற்கு.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து போனாள். மாமா செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள்.

"மாமா, அன்னைக்கு நான் முதல்ல சொன்ன திசை..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"படகு வந்துச்சும்மா. என் கண்ணுக்கு எட்டுற தூரத்துல நின்னுச்சு. சட்டையக் கழட்டி ஆட்டினேன். அப்புறம் அந்தப் பக்கமா திரும்பிப் போயிடுச்சு." வாரை இன்னொரு துளை தள்ளி மாட்டினார். "புள்ளி ஆகுற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அவள் அழ ஆரம்பித்தாள்.

"அக்காகிட்டயும் சொல்லிடறேன் மாமா."

"வேணாம். எனக்குக் கால் போச்சு, அவளுக்குத் தங்கச்சியும் போகணுமா? உன் மனசு லேசாகணும்னு அவ தலையில ஏத்தாத. நீயே வச்சுக்க."

அக்கா தட்டுகளோடு வந்தாள். தங்கையின் நனைந்த கண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் அதையே நினைச்சு அழறியாடி? நீதான் காப்பாத்திட்டியே."

முதல் தட்டை அவள் முன்னால் வைத்தாள். காம்பஸ் மாமாவைப் பார்த்தாள். அவர் சாப்பிடச் சொல்லித் தலையை ஆட்டினார்.