அடித்தகட்டில் இரண்டு எழுத்து

அன்று காலை நூலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் சாட்சி வைத்துக் கலிமா சொல்லி, முஸ்லிம் ஆகப்போகிறாள். வாய்க்குள் அதையே உருட்டிக்கொண்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

ஆள் ஒல்லி, புழங்குவது தையல் மிஷினோடு. அதனால் நூல் என்று பேர் விழுந்துவிட்டது. வயது முப்பதைத் தாண்டியாயிற்று. அம்மா போனபிறகு அப்பாவும் அவளுமாக ஓர் ஒற்றை அறைக் கடையில் மிஷின் ரிப்பேர் பார்க்கிறார்கள். அப்பா கண்ணால் பார்ப்பார். இவள் காதால் பார்ப்பாள். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றவிட்டால் போதும், எங்கே முனகுகிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் காதுதான் அவளை இதில் கொண்டுவந்து விட்டது. டெய்லர் அக்காவின் தையல்கூடத்துக்கு ரிப்பேருக்குப் போனபோது, மத்தியானம் அத்தனை மிஷினும் ஒன்றாக நின்றன. பெண்கள் வரிசையாக நின்று தொழுதார்கள். மிஷின் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்த அமைதி புதுசு. குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எழுந்துபோக மனசே வரவில்லை. அப்புறம் ரிப்பேரே இல்லாத நாளிலும் அந்த நேரத்துக்குப் போய் நின்றாள். கேட்டாள், படித்தாள், நாள்கணக்கில் யோசித்தாள்.

சொன்னால் யார் நம்புகிறார்கள்?

"சத்தம் நின்னுச்சாம், இவ மாறிட்டாளாம். காதுல பூ சுத்தாதடி" என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. "மாப்பிள்ளை யாரு, அதைச் சொல்லு."

"யாரும் இல்லை அத்தை."

"பட்டன் கடைக்காரனா?"

"அவருக்குப் பேரன் பேத்தி இருக்கு."

"அப்போ அவன் பையனா?"

கல்யாணத்துக்கு வரன் தேடியபோதுகூட அத்தை இவ்வளவு மெனக்கெட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், தையல்கூடத்துப் பெண்களும் "பையன் யாரும்மா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாற்போல் கேட்டதில் நூலுக்கே ஒருநாள் சந்தேகம் வந்து, நிஜமாகவே எவனாவது இருக்கிறானோ என்று மனசைத் துழாவிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை.

அப்பா மட்டும், "உன் மனசு, உன் இஷ்டம்" என்றதோடு சரி.

அன்று காலை, போன வாரம் அவள் சரிசெய்து கொடுத்த மிஷின் ஒன்று பெல்ட் நழுவுகிறது என்று திரும்பி வந்தது. அப்பா அதைக் கவிழ்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். எந்த மிஷினை முடித்தாலும் அடித்தகட்டில் ஆணியால் இரண்டு எழுத்துக் கீறுவார்கள். அப்பா பேரின் முதல் எழுத்து, பக்கத்தில் அவளுடையது. திரும்பி வந்தால் தங்கள் வேலைதானா என்று தெரியவேண்டுமே. இந்த மிஷினில் இருந்தது ஒற்றை எழுத்து. அவள் எடுத்துக்கொண்ட புதுப் பேரின் எழுத்து.

"என் எழுத்து எங்க?"

நூல் அந்த எழுத்தை விரலால் மறைத்தாள். மாறினால் வம்சம், அப்பன் பேர் எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். கை பழகட்டும் என்றுதான் அப்படிக் கீறினாள். கீறிய கை அன்று முழுக்கக் கனத்தது.

"மாறினா அப்படித்தானேப்பா..."

"சாமியை மாத்திக்கிறேன்னே, சரின்னேன். அப்பனையும் மாத்திக்கிறேன்னு சொல்லலையேம்மா."

பெல்ட்டைப் பார்க்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிவாசலுக்கு நடந்தபோது காலையில் இருந்த துள்ளல் எங்கோ போயிருந்தது. பெற்றவர் உறவை அறுத்துவிட்டுப் போகிறவளுக்கு என்ன பெரிய உண்மையான மனசு?

தொழுகை முடிந்திருந்தது. ஆபீஸ் அறையில் இமாம், சாட்சிக்கு இரண்டு பேர், துணைக்கு டெய்லர் அக்கா. இமாம் பேர் கேட்டார். புதுப் பேரைச் சொன்னாள்.

"யார் மகள்?"

நூல் விழித்தாள். "அது இனிமே கிடையாதுல்ல?"

"ஏன், நீ என்ன மண்ணுலேருந்து முளைச்சியா?" என்றாள் டெய்லர் அக்கா.

"இல்லக்கா... அப்பா இந்த மார்க்கத்துல இல்லையே."

இமாம் சிரித்துவிட்டார். "அதனால என்னம்மா? பெத்தவர் பெத்தவர்தான். அவரை விட்டுட்டு வேற ஒருத்தர் மகள்னு சொல்லிக்கிறதுதான் இங்க பெரிய தப்பு. உங்க பேரைக்கூட மாத்தியே ஆகணும்னு இல்லை."

"நிஜமாவா? இருங்க, வந்துடறேன்!"

"ஏய், கலிமா?"

"வந்து சொல்றேன்க்கா!"

செருப்பு எங்கே, யாருடையது என்று பார்க்கவில்லை. ஒரு காலில் பெரிசும் ஒரு காலில் சின்னதுமாக ஓடினாள். எதிரே வந்த அத்தை கத்தினாள்: "நில்லுடி! மாப்பிள்ளை ஓடிட்டானா?"

கடை வாசலில் மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகக் கொட்டினாள். அப்பா நிமிர்ந்தார்.

"நான் வேற சாமி கும்பிடறவன். என் பேரை அங்க சொல்லலாமா?"

"சொல்லணுமாம்ப்பா!"

அப்பா துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். ஷட்டரை இழுத்துவிட்டார்.

"எங்கேப்பா?"

"என் பேரு நீளம். ஸ்கூல்ல வாத்தியாரே பாதியை முழுங்கிட்டுத்தான் கூப்பிடுவாரு. அங்க தப்பா சொல்லிட்டா?"

அவர் ஆபீஸ் அறை வாசல்படியிலேயே நின்றுகொண்டார். இமாம் சொல்லிக்கொடுக்க, நூல் சொன்னாள். முதல் சொல்லில் நாக்கு இடறியது. அப்புறம் நேராக ஓடியது. சொல்லி முடித்ததும், அத்தனை மிஷினும் நின்ற அந்த அமைதி ஒரு நொடி வந்து போனது. அவளுக்கு அது போதும்.

இமாம் அவள் பேரைச் சொல்லி, இன்னாருடைய மகள் என்றார்.

"நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார் அப்பா வாசலிலிருந்து.

இமாம் மறுபடி சொன்னார்.

"இப்போ கடைசியில கொஞ்சம் தேஞ்சிருக்கு."

மூன்றாவது தடவை சரியாக வந்தது. மிஷின் பிசிறில்லாமல் ஓடும்போது தலையாட்டுவாரே, அப்படித் தலையாட்டினார்.

திரும்பி வந்தால் அத்தை ஷட்டர் முன்னால் நிற்கிறாள்.

"கடையைப் பூட்டிட்டு எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"பள்ளிவாசலுக்கு" என்றார் அப்பா.

அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, நீயுமா அண்ணே? உனக்கு எந்தப் பொண்ணு?"

சிரித்த சிரிப்பில் அப்பாவால் ஷட்டரைத் தூக்க முடியவில்லை; நூல்தான் தூக்கினாள். அப்பா உள்ளே போய் அந்த மிஷினைக் கவிழ்த்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவளுடைய ஒற்றை எழுத்து வழக்கம்போல் வலப்பக்கம் தள்ளித்தான் இருந்தது. இடப்பக்கம் வெறும் தகடு.

"என் இடத்தைக் காலியாத்தான் வெச்சிருக்கே" என்றார்.

நூலுக்கே அது இப்போதுதான் தெரிந்தது. அப்பா ஆணியை நீட்டினார். அவள் அழுத்திக் கீறினாள்.