வாலறுந்த வாகனம்

வீட்டு முன்னால் நான் புல் வளர்த்தபோது தெருவே சிரித்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் எங்கள் ஓட்டு வீடு. குடிக்கவே தண்ணீர் பத்தாத ஊரில் ஒருத்தி அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் புல்லுக்கு ஊற்றினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"மாடு இல்லாத வூட்ல புல்லு எதுக்கு? நீங்களே மேயறதுக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு, வலது கால் சூம்பிப் போயிருந்தது. இளம்பிள்ளை வாதம். ஒரே பிள்ளை. வேலூரில் பார்த்த டாக்டர் காலுக்கு இரும்புச் சட்டம் எழுதிக் கொடுத்துவிட்டு, இதையும் சொன்னார்: "காலையிலயும் சாயங்காலமும் சட்டத்தைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்க விடுங்க. தரை மெத்துனு இருக்கணும். விழுந்து பயந்துட்டாள்னா அப்புறம் நடக்க மாட்டா." எங்கள் வாசலோ வெறும் சரளை. எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்த வீட்டில் புல்தரை பார்த்திருந்தேன். ஏரிக்கரைக்குப் போய் அருகம்புல்லை மண்ணோடு பெயர்த்துக் கூடையில் கொண்டுவந்து நானே நட்டேன். இடுப்பு ஒடிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நல்லவர் என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லும். தெருக்கோடிப் பிள்ளையாருக்கு அவர்தான் எல்லாம். புல் தழைத்ததும் சதுர்த்திக்குச் சதுர்த்தி முதல் பிடி அருகம்புல்லை அவர் கிள்ளிக்கொண்டு போவார். ஒரு குடம் தண்ணீர் அவர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

குழந்தை முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு. எட்டு வயதாகும்போது எதையும் பிடிக்காமல் புல்தரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விட்டாள். போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்த்து, "நீ புடிக்கல இல்ல?" என்றாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

அந்த மழைக்காலத்தில்தான் பெருச்சாளி வந்தது. காலையில் கதவைத் திறந்தால் புல்லுக்கு நடுவே கூடை கூடையாய் மண். மேலே பச்சையாகத் தெரியும், அடியில் குடைந்து வைத்திருக்கும். காலை வைத்தால் பொதுக்கென்று உள்ளே போகும். வளையில் செங்கல் துண்டு போட்டு இடித்தேன், கண்ணாடிச் சில்லு போட்டேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன். அது பக்கத்தில் இன்னொரு வளை தோண்டியது. குழந்தையை இறக்கிவிடும் முன்பு புல்தரை முழுவதையும் நான் ஒரு தடவை மிதித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

மருந்து வைக்கலாம் என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அது சாமி வாகனம். கொழந்த நடக்கணும்னு அவருகிட்டதான வேண்டிக்கினு இருக்கோம்? அவரு வாகனத்த அடிச்சிட்டு எந்த மூஞ்சியோட போயி நிக்கிறது?"

"வாகனம் கோயில்ல இருக்கட்டும். என் கொழந்த நடக்கற எடத்துல அதுக்கு இன்னா வேல?"

"உன் வாய்க்குதான் நமக்கு இப்பிடி ஆச்சு" என்றார். குழந்தையின் கால் என் வாயால் போனது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

கடைசியில் கூண்டு வைக்கச் சம்மதித்தார். அதிலும் கருவாடு வைக்கக் கூடாதாம், தேங்காய்ச் சில்லுதான் வைக்க வேண்டுமாம். சைவப் பெருச்சாளி. அதுவும் விழுந்தது. கூண்டுக் கதவு விழுந்த வேகத்தில் வால் பாதி அறுந்துபோயிருந்தது. "ஐயோ, ரத்தம் வருதே" என்று அதற்கு மஞ்சள் பூசப் பார்த்தார். கூண்டின் மேல் விபூதி தூவி, சாக்கைப் போர்த்தி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேர்க்கடலை போட்டவன் வயிறு எரியுமே என்று நினைத்தேன், ஆனாலும் விட்டது சனியன் என்று இருந்தேன்.

அடுத்த வாரமே மறுபடியும் மண். விடியலில் காத்திருந்து பார்த்தேன். கொழுத்த பெருச்சாளி ஒன்று வளையிலிருந்து தலையை நீட்டி, நிதானமாக வெளியே வந்தது. வால் பாதிதான் இருந்தது.

அவரை எழுப்பிக் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "அவ்ளோ தூரம் எதுக்குன்னு நம்ம புள்ளையார் கோயில் பின்னாடியே வுட்டுட்டேன். அவரு வாகனம், அவருகிட்டயே ஒப்படைச்சாச்சு. மறுபடியும் வந்துச்சுன்னா அது அவரு சித்தம்."

கோயில் பின்னால் சிதறுகாய்த் துண்டும் சுண்டலும் தின்று ஒரு சுற்றுப் பெருத்துத்தான் அது வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தெருக்குழாயில் நின்றிருந்தேன். என்றும் இல்லாத ஆசை அவருக்கு வந்தது, மகள் நடப்பதைப் பார்க்க. சட்டத்தைக் கழற்றி அவளை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, எதிர் மூலையில் உட்கார்ந்துகொண்டு, "வா, அப்பாகிட்ட வா" என்று கூப்பிட்டிருக்கிறார். மிதித்துப் பார்க்கவில்லை. பாதி தூரத்தில் தரை உள்வாங்கியது. உள்ளே போனது நல்ல கால். முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. அவள் அலறல் குழாயடிவரை கேட்டது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "நேரம் சரியில்ல" என்றார். நானும் அழவில்லை. குழந்தைக்கு எதிரே அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று, அவளுக்குக் கால் போன நாளிலிருந்தே நான் அழுகையை அடக்கிப் பழகியிருந்தேன்.

மருந்து வைக்கப்போவதை வாய்விட்டுச் சொன்னால் எலிக்குக் காது கேட்டுவிடும் என்பார்கள். எலியின் காதுக்கு நான் பயப்படவில்லை. அவர் காதுக்கு எட்டாமல் கடையில் மருந்து வாங்கி, மசால்வடையில் வைத்துப் பிசைந்து, வளை வாயில் போட்டேன். மறுநாள் காலையில் வாலறுந்த பெருச்சாளி புல்தரை நடுவில் விறைத்துக் கிடந்தது.

அவர் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, புதுத் துண்டில் சுற்றிப் புதைத்து, குழந்தைக்கு வைத்திருந்த பாலை எடுத்து மேலே ஊற்றினார். எனக்கு அந்தக் குழியில் அவரையும் சேர்த்துத் தள்ளலாம் போல இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த மகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் முதுகு மட்டும்தான்.

"அப்பா எதுக்கும்மா அழுவறாரு? எனக்காகவா?"

வேறு என்ன சொல்வது? "ஆமாம்மா, உனக்காகத்தான்" என்றேன்.

கட்டுப் பிரித்த பிறகு அவள் நடக்கவில்லை. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. தரையைக் கண்டாலே நடுங்கினாள். கக்கத்தில் கட்டை வந்தது, அதோடே படித்தாள், அதோடே வேலைக்கும் போனாள். நான் தண்ணீர் ஊற்றுவதை விட்டதும் புல் காய்ந்து வாசல் பழைய சரளையாயிற்று. அப்பாவும் மகளும் ஒட்டிக்கொண்டார்கள். ஆபீஸ் விட்டு வந்தால் அவருக்கு அவள்தான் காபி கொடுக்க வேண்டும். நான் கடுகடுவென்று இருப்பவள், எனக்கு மனசே கிடையாது என்பது அவர்கள் இருவருக்கும் பொதுவான முடிவு.

எண்பதுகளின் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து, என் மகள் சொல்லிச் சொல்லி அழுதாள்:

"கால் ஒடைஞ்சி கெடந்தப்ப எனக்காக இந்த வூட்ல அழுத ஒரே மனுஷன் எங்கப்பாதாங்க."

வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து உள்ளே போய் அவர்களுக்குக் காபி கலந்தேன்.