காட்டாதே என்று ஒரு வரி

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. வேலை நிரந்தரமாகாவிட்டால் மாமாவின் அரிசி மண்டியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளில் யாரோ எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலை, அதைக் கணினி மொழிக்கு மாற்றித் தரும் புதிய கம்பைலரில் ஓட வைக்கச் சொன்னார்கள். ஓட்டினால் திரை நிறைய எச்சரிக்கை. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஹெடர் என்ற பழைய துணைக்கோப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். இது வழக்கொழிந்துவிட்டது, இதைச் சேர்க்காதே என்று கம்பைலர் புலம்பியது. நூற்றுச் சொச்சம் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திருத்த எனக்கு ஏது பொறுமை? எச்சரிக்கையைக் காட்டாதே என்று கம்பைலருக்குக் கட்டளைகள் எழுதிவைக்கும் மேக் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். திரை துடைத்துவிட்டது போல ஆனது. வேலை முடிந்தது என்று டீம் லீடருக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

பக்கத்து இருக்கைக்காரன் அச்சரப்பாக்கத்துக்காரன். நான் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவன். எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சான், அதும் வாய்ல பிளாஸ்திரி ஒட்டிட்டியா? நோவு அப்டியேதான் கீது."

"உன் வேலையப் பாருடா" என்றேன். இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை நிரந்தரக் கடிதம் வரவேண்டிய வாரத்தில் வாடிக்கையாளர் கம்பைலரின் அடுத்த பதிப்புக்கு மாறினார். அதில் அந்த ஹெடரையே தூக்கிவிட்டார்கள். இப்போது எச்சரிக்கை எல்லாம் இல்லை, நேரே பிழை. ஒரு கோப்புகூடத் தேறவில்லை. லீடர் எங்கள் இருக்கைக்கே வந்து நின்றார்.

"இந்த வரிய யார் சேர்த்தது?"

"நான்தான் சார்." அரிசி மண்டியின் தூசி மூக்கில் ஏறிவிட்டது.

"சார், திருத்தின காப்பி ரெடியா இருக்கு" என்று எழுந்தான் அவன். "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம்."

பச்சைப் பொய். சாப்பாட்டு வேளைகளில் நான் கேன்டீனில் அரட்டையடித்துக்கொண்டிருந்தபோது, கோப்பு கோப்பாகத் திறந்து அவன் ஒருவனே திருத்தியிருக்கிறான். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நான் இன்றுவரை இந்தத் தொழிலில் சோறு தின்பது அவன் போட்ட பிச்சை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் பைக்கில் அவனை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். வறுத்த மீனை அவன் முன் நகர்த்திவிட்டு, நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அத்த வுடு. அந்த வரிய எடுத்துட்டியா?"

எடுத்திருக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக எடுத்தேன்.