ஆற்றை மூட மறந்துவிட்டார்கள்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் மனைவி கப்பலேறத் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது, நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் போவதைப் பார்த்துத் தட்டவில்லை. அப்படித் தட்டியிருந்தாலாவது ஏதோ குடும்பத் தகராறு என்று நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நான் தட்டியது ஒரு துரைக்கு. அவர் யார் என்று அன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இத்தனை நாளும் பத்திரிகையின் இந்த மூலையில் கொசுவைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கனகம் — என் மனைவி — ஊரிலிருந்து திரும்பிவிட்டாள். "நீங்களா எழுதிட்டா நல்லது. இல்லேன்னா வெள்ளிக்கிழமை கோயில்ல நான் சொல்லிருவேன்" என்றாள். மலாயாவில், எங்கள் ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கோயிலில் சொன்ன சேதி எந்தப் பத்திரிகையையும் முந்திக்கொண்டு போகும். ஆகவே எழுதுகிறேன்.

கனகத்துக்கு ஒரே தம்பி. நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். உடன்பிறந்தவள் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தால்? பங்காளி வீட்டுப் பெண் யாராவது போடுவாள். அந்த 'யாராவது' யார் என்பதில்தான் விவகாரமே இருந்தது. பெரியப்பா மகள் ராஜாத்தி. இவளுக்கும் அவளுக்கும் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தை நான் கேட்டதில்லை. எனக்கும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதல்லவா?

"அந்த ராஜாத்தி கை என் தம்பி பொண்டாட்டி கழுத்துல படணும், நான் இங்க ரப்பர் மரத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் கப்பல் டிக்கெட்தான். இரண்டு வாங்கினேன். அந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேரும்போது பந்தலைப் பிரித்து மூங்கிலைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

டிக்கெட் மேல்தட்டு டிக்கெட். கிராணி என்னும் தோட்டத்துக் குமாஸ்தாவின் சம்பளத்தில் அறை எடுத்துப் படுத்துக்கொண்டு போக முடியாது. மேல்தட்டில் பாயை விரித்து, ரப்பர் பால்மரம் வெட்டும் ஜனங்களோடு ஜனமாகத்தான் போக வேண்டும். அதிலே எங்கள் ஜாதிக்கு — கிராணி ஜாதியைச் சொல்கிறேன் — ஒரு தீராத பயம் உண்டு. நம்மையும் தொழிலாளி என்று எவனாவது நினைத்துவிட்டால்? ஆகவே கொளுத்தும் வெயிலில், கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, வெள்ளைச் சப்பாத்து சகிதம் புறப்பட்டேன்.

"கப்பல்ல பாயில படுக்கறதுக்கு இந்த வேசமா?" என்றாள் கனகம்.

"மரியாதை வேண்டாமா?"

"பாய்க்கா?"

கோலா சிலாங்கூரிலிருந்து வாடகை மோட்டார் வரவழைத்திருந்தேன். ஓட்டுபவன் மாணிக்கம். வாய் கொஞ்சம் நீளம். மற்றபடி நல்ல பையன். காப்பார் தாண்டும் வரை சுகமாகப் போனோம். கிள்ளானில் ஆற்றுப் பாலத்தை நெருங்கியதும் வண்டி நின்றது. எங்கள் வண்டி மட்டுமல்ல... லோரி, மாட்டுவண்டி, ரிக்‌ஷா, பன்றி ஏற்றி வந்த சீனன், பால் கொண்டு வந்தவர், எல்லாமே நின்றன. பாலத்தின் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் ஒரு சீக்கியப் போலீஸ்காரர்.

"ஜாலான் துத்துப்!" என்றார். சாலை மூடியிருக்கிறதாம்.

எதற்கு? யாரோ ஒரு பெரிய துரை கப்பலில் வந்து இறங்கி, கிள்ளானைப் பார்க்க வருகிறாராம். அக்கரையில் ஆற்றை ஒட்டிப் பந்தல், தென்னங்குருத்துத் தோரணம், பாண்டு வாத்தியம். அவருடைய மோட்டார் பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அக்கரைக்குப் போய்ப் பந்தலில் உட்கார வேண்டுமாம். அது வரை ஒருவரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது.

நான் கேட்கிறேன் — ஒரு மோட்டார் ஒரு பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்! அதற்காகக் காலையிலிருந்து ஒரு ஊரின் கழுத்தை நெரித்து வைத்திருந்தார்கள். பால் திரிந்துகொண்டிருந்தது. பன்றிகள் அலறிக்கொண்டிருந்தன. எங்களைப் போலவே அதே கப்பலுக்குப் போகிற ஒரு கும்பல், தகரப் பெட்டியும் பாயுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. வருஷக்கணக்காகத் தோட்டத்தில் மாடாய் உழைத்து, இப்போதுதான் ஊருக்குப் போகிறவர்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்குமா? கப்பலுக்கு என்ன தெரியும், கிள்ளானில் தோரணம் கட்டியிருப்பது?

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. மார்பில் பட்டுப் பூக் குத்திய ஒரு வரவேற்புக் கமிட்டிக்காரர் வந்தார், நம்மவர்தான். அந்தத் தொழிலாளிகளுக்குக் கடுதாசிக் கொடிகளை விநியோகம் செய்தார்.

"நிக்கறதுதான் நிக்கறீங்க, ஆட்டிக்கிட்டே நில்லுங்க லா!"

வழியை அடைப்பார்கள். அடைபட்டவன் கையிலேயே கொடியையும் கொடுப்பார்கள். பிறகு அடுத்த நாள் பத்திரிகையில், 'ஜனங்கள் உற்சாகத்தோடு திரண்டிருந்தனர்' என்று வரும். ஏன் திரள மாட்டார்கள்? கயிறு கட்டியிருக்கிறதே!

இந்தக் கோபத்தோடுதான் வண்டியை விட்டு இறங்கினேன். நேரே அதிகாரியிடம் போய், 'இது அக்கிரமம்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

"ஏங்க, எங்க போறீங்க?"

"நீ பேசாமல் உட்கார். பாலத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். தலைப்பாகையைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் கயிற்றைத் தூக்கிவிட்டார்! பாலத்தில் நான் ஒருவனாக நடந்தேன். அந்த நடை கொஞ்சம் நன்றாகவே இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். அக்கரையில் கால் வைத்ததும், அதே போல மார்பில் பூக் குத்திய கமிட்டிச் செயலாளர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க! தமிழர் சார்பா ஒரு நாற்காலி காலியாக் கெடக்கு. முன் வரிசை வேற, பாக்கவே அசிங்கமா இருக்கு. ஒக்காருங்க சார்."

"இல்லை ஐயா, நான் கப்பலுக்கு..."

"கப்பல் எங்க ஓடிடும்? அஞ்சு நிமிசம்! முடிஞ்ச ஒடனே ஒங்க வண்டியத்தான் மொதல்ல விடச் சொல்றேன். நீங்க என் மோட்டார்ல போங்க."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதிகாரியிடம் சண்டை போட்டு வழி வாங்குவதைவிட, அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து வழி வாங்குவது நாகரிகம் அல்லவா? இப்படியெல்லாம் யோசித்தது என் மூளை அல்ல, என் கோட்டு. அந்தக் கோட்டோடு நாற்காலியில் சாய்ந்தேன்.

ஐந்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. அரை மணி ஒரு மணி நேரமாயிற்று. ஒருவழியாகத் துரையின் மோட்டார் பாலத்தைக் கடந்து போய், சுற்றிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பி வந்தது. பாண்டு முழங்கியது. துரை எழுந்து பேச ஆரம்பித்தார். எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? இந்த ஜில்லாவின் சாலைகளைப் பற்றி! இங்கே சாலைகள் மிகவும் சிறப்பாக இருக்கின்றனவாம். வழியில் எங்கேயும் நெரிசலையே அவர் காணவில்லையாம்!

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் என் இரண்டு கைகளும் சேர்ந்து தட்டிவிட்டன.

அப்போதுதான் ஆற்றைப் பார்த்தேன்.

பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு சம்பான் படகு வெளியே வந்தது. மலாய்க்காரர் ஒருவர் துடுப்புப் போட, கடலை நோக்கி வலுவாக இறங்கிய தண்ணீரில் அம்பு போல வந்தது. உள்ளே தகரப் பெட்டிகள், பாய்கள், தொழிலாளிகள், கடுதாசிக் கொடிகள். நட்டநடுவில் ஒரு பச்சைப் பெட்டி — அது என் பெட்டி. அதன் மேல், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, என் மனைவி!

எழுந்தேன். "கனகம்!" என்று கத்த வாயைத் திறந்தேன். செயலாளர் என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க சார், தொர பேசறாரு!"

உட்கார்ந்துவிட்டேன்.

இதுதான் என்னால் இன்று வரை ஜீரணிக்க முடியாத விஷயம். அவர் இழுத்தது பெரிதல்ல. நான் உட்கார்ந்தேன் பாருங்கள்! என் மனைவி கடலை நோக்கிப் போகிறாள். அது சின்ன சம்பான், ஆள் அதிகம், அவளுக்கு நீச்சல் தெரியாது. போய்ச் சேருவாளா, கப்பல் இருக்குமா, ஒன்றும் தெரியாது. நானோ, யார் எவர் என்று தெரியாத ஒருவரின் பேச்சுக்கு மரியாதை செய்துகொண்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கனகம் பந்தல் பக்கம் திரும்பினாள். பார்த்தாள். குடையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். சம்பான் வளைவில் மறைந்தது.

பேச்சு முடிந்தது. தேநீர் விருந்து என்றார்கள். செயலாளரின் மோட்டாரைத் தேடி ஓடினேன். அதில் அவருடைய மனைவி, மைத்துனி, அவர் பூக் குத்திய மார்பு எல்லாம் ஏறி, விருந்துக்குப் புறப்பட்டுவிட்டன. "சார், ஒரு ரிக்‌ஷா பிடிச்சுக்குங்க!" என்று கையை ஆட்டிக்கொண்டே போனார்.

ரிக்‌ஷாக்காரன் பாவம், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் அவனை ஓரங்கட்டிவிட்டுப் போகிற விருந்து மோட்டார்கள் மேல். ஒவ்வொன்றும் எங்கள் மேல் புழுதியை அள்ளி வீசிவிட்டுப் போயிற்று. துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கறுப்புக் கோட்டு காவிக் கோட்டாகியிருந்தது. கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது. தூரத்தில் தீவுகளுக்கு அப்பால் புகை இருந்தது.

படித்துறையில் அதே சம்பான்காரர் ஓய்வாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய், குடை பிடிப்பது போலக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சூடா நாயேக்," என்றார். ஏறிவிட்டாளாம்! ஏணியில் முதலில் ஏறியதே அவள்தானாம். பின்னால் வந்தவர்களின் பெட்டிகளைக் கைநீட்டி வாங்கி எல்லோரையும் ஏற்றினாளாம். அந்த வெயிலில், அந்தப் படித்துறையில், ஈரப் பலகை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஒருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மாலையில் பாலம் திறந்தது. மாணிக்கம் வண்டியோடு வந்து என்னைக் கண்டுபிடித்தான். நடந்ததை அவன்தான் சொன்னான்.

"அம்மா ரொம்ப நேரம் ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, கிராணியாரே. 'மாணிக்கம், தண்ணி எந்தப் பக்கமாப் போவுது?'ன்னாங்க. கடலுக்குன்னேன். 'கப்பல் எங்க நிக்குது?'ன்னாங்க. அப்பறம் நான் பெட்டியத் தூக்காம வேற என்னா செய்யறது?"

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

"சொல்லி அனுப்பலாம்னுதான் நான் சொன்னேன். அக்கரையில நீங்க ஒக்காந்திருக்கிறது தெரிஞ்சிச்சி. 'வேணாம், சந்தோசமா இருக்காரு'ன்னாங்க."

வழி நெடுக இதை நினைத்து நினைத்துப் பொருமினேன். சாலையை மூட அவர்களுக்குத் தெரிகிறது. பாலத்தை மூடத் தெரிகிறது. ஜனங்களின் வாயை மூட ஆளுக்கொரு கொடியும், எங்களைப் போன்றவர்களின் வாயை மூட ஆளுக்கொரு நாற்காலியும் தயாராக வைத்திருக்கிறார்கள். தொழிலாளியைக் கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. கிராணியை நிறுத்தக் கயிறுகூடத் தேவைப்படவில்லை! ஆற்றை மட்டும் மூட மறந்துவிட்டார்கள். அது போகட்டும் என்று அவர்கள் விட்டதல்ல. அதில் யாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு போவதில்லை என்பதால் அவர்கள் கண்ணில் படவில்லை.

போன வாரம் கனகம் வந்து இறங்கினாள். முகமெல்லாம் பூரிப்பு. இரண்டு முடிச்சையும் அவள்தான் போட்டாளாம். ராஜாத்தி மூன்றாம் வரிசையில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாளாம். இதை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அதைத் தவிர வேறு உரிமை என்ன இருக்கிறது?

கடைசியில் மனசு பொறுக்காமல் கேட்டேன். "வீட்டு மாப்பிள்ளை நான் வரவில்லையே... என்னைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லையா?"

கனகம் பெட்டியிலிருந்து புடவையை எடுத்து உதறிக்கொண்டே யோசித்தாள்.

"ஏன் கேக்கல? சமையக்காரர் கேட்டாரு... ஒரு எலை கொறச்சுக்கலாமான்னு."