வேதவதி போட்ட இலை

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு ஒரு நம்பர் உண்டு. அதைச் சொன்னால் பால்காரர் விழிப்பார். "வேதவதி டீச்சர் லைன்" என்றால் நேராக வந்துவிடுவார். இத்தனைக்கும் வேதவதி எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு டீச்சர் டிரெய்னிங் போக வேண்டும் என்று அழுது பார்த்தாள். அவள் அப்பா அசையவில்லை. அடுத்த தை மாதம் ஸ்ரீனிவாசராகவனுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீடும் ஸ்ரீரங்கத்திலேயே இரண்டு வீதி தள்ளி. "எங்க மொட்டைமாடியில கோபுரம் இடது பக்கம் தெரியும், அவங்க மொட்டைமாடியில வலது பக்கம் தெரியும். கல்யாணத்துல எனக்கு மாறினது அவ்வளவுதான்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் கேட்கும்போது பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஊருக்குக் கிழக்கே பெரிய தொழிற்சாலை வந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்கு அங்கே கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. கம்பெனி ஜாதி பார்த்து வீடு கொடுக்கவில்லை, கிரேடு பார்த்துக் கொடுத்தது. அதனால் வேதவதிக்கு இடது பக்கத்து வீட்டில் கிரேன் ஓட்டும் ஜெகபர் அலியும் அவர் மனைவி ஜஹானாராவும் வந்தார்கள். வலது பக்கத்தில் நாங்கள். என் வீட்டுக்காரர் பிச்சமுத்து ஃபிட்டர். நான் மயிலம்மாள், திருவெள்ளறைக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள் என்று இந்த லைன் முழுக்கப் பெயர் வாங்கியவள்.

அப்போது அங்கே மரம் கிடையாது, நிழல் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் கிடையாது. செம்மண்ணில் புரண்டு கொண்டிருந்த எங்கள் பிள்ளைகளை வேதவதி ஒருநாள் கூப்பிட்டுத் தன் முன்னறையில் உட்காரவைத்து 'அ' போடச் சொன்னாள். அப்படித்தான் வகுப்பு தொடங்கியது. எழுத்தும் கணக்கும் அவள் சொல்லிக் கொடுப்பாள். ஆனால் பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்க அவளுக்கு வராது. அது ஜஹானாராவுக்குத்தான் வரும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண், அஞ்சாவதோடு நின்றவள். கதை சொல்ல ஆரம்பித்தால் அழுதுகொண்டிருக்கிற பிள்ளை மூக்கைத் துடைக்க மறந்து கேட்கும். இரண்டு பேரும் சேர்ந்தபிறகு அடுத்த லைன்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தன. துலுக்கப் பிள்ளைகள் ஜஹானாராவை நம்பி வந்தன, ஐயங்கார் பிள்ளைகள் வேதவதியை நம்பி வந்தன, மற்றதெல்லாம் என் வாய்க்குப் பயந்து வந்தன.

வேதவதி ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு. வகுப்பில் ஒரு மண்பானை, ஒரு டம்ளர். வீட்டிலிருந்து தனியாகத் தண்ணீர் கொண்டுவருகிற பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. இதற்காக இரண்டு மூன்று அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். "இங்க தாகம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எடுக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். குரலை உயர்த்தாமலேதான் சொன்னாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். பிடித்தவர்களைச் சும்மா விட எனக்குத் தெரியாது. ஒருநாள் பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "இங்க ஒரே பானை சரி. ஸ்ரீரங்கத்துல உங்க மாமியார் வீட்டுக்கு நாங்க வந்தா எதுவரைக்கும் விடுவாங்க?"

வேதவதி பானையைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஸ்ரீரங்கம் போகும்போதும் மாமியார் கோதைநாயகியிடம் மெதுவாகப் பேச்செடுப்பாளாம். பக்கத்து வீட்டுக்காரர்களை ஒருவேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று. கோதைநாயகி மாமி திட்டவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. இப்படியே பல மாதம் போய், ஆனி மாதக் கடைசியில், "ஆடிப் பதினெட்டுக்கு எப்படியும் சித்ரான்னம் பண்ணுவோம், அன்னிக்கு வரச்சொல்லு" என்று சொல்லிவிட்டார். வேதவதி அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஜஹானாராவிடம் போய்ச் சொன்னாளாம். ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் வருஷா வருஷம் திருவெள்ளறை போய்விடுவோம் என்பதால் எங்களைப் பிறகு கூப்பிடுவதாக ஏற்பாடு.

ஊரிலிருந்து நான் திரும்பி வந்தபோது லைனே வேறு மாதிரி இருந்தது. வேதவதி வீட்டு முன்னறையில் பாதிப் பிள்ளைகள்தான். மீதி ஜஹானாரா வீட்டு வாசலில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் 'அ', அந்தப் பக்கம் கதை. பானை இந்தப் பக்கம் இருந்ததால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜஹானாரா ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள்.

வேதவதியிடம் கேட்டேன். அவள் சுருக்கமாகச் சொன்னாள். கூப்பிட்டாள், சரி என்றார்கள், வரவில்லை. கூடத்தில் நாலு இலை போட்டுவைத்துக் காத்திருந்தார்களாம். மாமனார்கூடச் சாப்பிடாமல் இருந்தாராம். இலைகள் வாடிப்போன பிறகு கோதைநாயகி மாமி அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டே, "இவ்வளவுதான் உன் சிநேகிதம்" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் மாமி எதுவும் பேசாததைத்தான் வேதவதியால் தாங்க முடியவில்லை.

அடுத்து ஜஹானாராவிடம் போனேன். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள், வாயே திறக்கவில்லை. விடாமல் அரித்தபிறகு, "கூப்பிட்டுட்டு வராம இருக்கிறவங்ககிட்ட நான் என்ன பேசறது?" என்று மட்டும் சொன்னாள். கூப்பிட்டவள் எதற்கு வரவேண்டும் என்று எனக்கு மண்டை குழம்பியது. யாரோ ஒருத்தி கூசாமல் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். யார் என்றுதான் தெரியவில்லை.

நாட்கள் போகப் போக அம்மாக்களும் பிரிந்தார்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்று பானைக்காகச் சண்டை போட்டவர்கள் திரும்ப வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வேதவதி தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களை என்னன்னு நெனைக்கிறது? கூப்பிட்டுட்டு நீங்கதான் வரலைன்னு அவ சொல்றா" என்று போட்டு உடைத்தேன்.

வேதவதி நிமிர்ந்து பார்த்தாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். செருப்புகூடப் போடாமல் ஜஹானாரா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஜஹானாரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்திருக்கவில்லை.

"நீங்க வரலைன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நான் வரலைன்னு நீங்க சொல்றீங்களாம். எங்க காத்திருந்தீங்க, ஜஹானாரா?" என்றாள் வேதவதி.

"நீங்க சொன்ன எடத்துலதான். ஆத்துல. உங்க ஊரு அம்மா மண்டபம் படித்துறையில."

"ஆத்துலயா?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க. ஆடிப் பதினெட்டுக்கு எங்காத்துக்கு அவசியம் வாங்கோன்னு."

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அடங்கிவிட்டது.

எங்களோடு பேசும்போது வேதவதி எங்களைப் போலத்தான் பேசுவாள். வாங்க, போங்க, வீடு. அவர்கள் வீட்டுப் பேச்சை ஸ்ரீரங்கத்தோடு விட்டுவிட்டு வருவாள். அன்றைக்கு மாமியார் சம்மதித்த சந்தோஷத்தில், ஜஹானாராவைச் சொந்த மனுஷியாகவே நினைத்துவிட்ட வேகத்தில், சொந்தப் பேச்சு வந்துவிட்டது. அவர்கள் பேச்சில் ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. ஜஹானாரா பிறந்த ஊரில் ஆத்துக்கு என்றால் ஆற்றுக்குத்தான். அதுவும் ஆடிப்பெருக்கு நாளில், ஊரே காவிரிக்கரையில் கூடிச் சாப்பிடுகிற நாளில், ஸ்ரீரங்கத்துக்காரி 'எங்காத்துக்கு' என்றால் யார்தான் வேறு எதை நினைப்பார்கள்?

ஜஹானாரா வீட்டில் எல்லாரும் ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு போயிருக்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் ஒன்றும் சமைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக வேதவதியைத் தேடியிருக்கிறார்கள். சுற்றிலும் எல்லாரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட, இரண்டு பிள்ளைகளும் பசியென்று அழுதபோது ஜெகபர் அண்ணன் முறுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம்வரை இருந்துவிட்டு, பழத்தைப் படித்துறையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"நான் வீட்டுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றாள் வேதவதி. "எங்க பேச்சுல ஆத்துக்குன்னா வீட்டுக்கு. உங்களுக்கு இலை போட்டு வெச்சிருந்தோம்."

ஜஹானாரா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"உங்க மாமியார் வீட்டுக்கா?" என்றாள். "அது என் நெனப்புக்கே வரலைங்கக்கா. ஆத்தங்கரைன்னா யார் வேணா வந்து உக்காரலாம். எங்களைக் கூப்பிடறதுன்னா அங்கதான கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அதுக்கே எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

வேதவதி அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சண்டை தீர்ந்த அழுகை இல்லை அது. இரண்டு வருஷம் ஒரே பானையில் தண்ணீர் குடித்தும், அந்த வீட்டுக் கதவு தனக்குத் திறக்கும் என்று ஜஹானாராவுக்குத் தோன்றவே இல்லை. அது அவள் தப்பும் இல்லை. என் அப்பா வாழைத்தார் சுமந்துகொண்டு அந்த வீதிகளுக்கெல்லாம் போனவர். எல்லா வீட்டிலும் வாசலோடு சரி. ஜஹானாரா இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த வார்த்தையின் அர்த்தம் தெரிந்திருந்தும் ஆற்றுக்குத்தான் போயிருப்பேன்.

மறுநாள் பிள்ளைகள் மறுபடியும் ஒரே அறையில் உட்கார்ந்தன. ஆனால் வேதவதிக்கு அது போதவில்லை. மாமியாரிடம் மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பது என்று தவித்தாள். ஒருமுறை போட்ட இலையை வாடவிட்ட விருந்தாளிகளுக்கு இரண்டாம் முறை யார் இலை போடுவார்கள்? மாமி மாட்டேன் என்றுவிட்டால் இந்த ஜன்மத்தில் இனி அந்தப் பேச்சே கிடையாது, அதற்குப் பிறகு பானையைத் தொடக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். கோதைநாயகி மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, குழந்தைகள் என்ன சாப்பிட்டன என்று மட்டும் விசாரித்தாராம். முறுக்கு என்று சொன்னதும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாராம். வேதவதி கிளம்புகிற நேரத்துக்கு வாசல்வரை வந்தவர் சொன்னார்: "வர ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. பண்டிகையும் வேண்டாம், பெருக்கும் வேண்டாம். வலது பக்கத்துக்காராளையும் சேர்த்து. வீட்டுக்குன்னு சொல்லு. நம்ம வார்த்தையைச் சொல்லித் தொலைக்காதே. வீட்டுக்கு."

அந்த அம்மாள் தன் வாழ்நாளில் 'வீடு' என்ற சொல்லை அதற்குமுன் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பது சந்தேகம்தான்.

போனோம். பெரிய புரட்சி ஏதோ நடந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மாமனார் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அடுக்களைப் பக்கம் எங்களைப் போகவிடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் நாலு கண் தெரிந்தது. ஆனால் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. ஸ்ரீனிவாசராகவனும் எங்கள் வரிசையிலேயே ஜெகபர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோதைநாயகி மாமி தன் கையாலேயே புளியோதரை பரிமாறினார். ஜஹானாராவின் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்காமலேயே இரண்டாம் தடவை வைத்தார். யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடிந்தது. இந்த மாதிரி இடங்களில் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிட்ட இலையை நாமே எடுத்துக் கொண்டுபோய் வெளியே போட வேண்டும். ஜஹானாரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் இலையை எடுக்கக் குனிந்தாள். அதே நேரத்தில் நானும் குனிந்தேன்.

"இலையை விடுங்கோ" என்றார் கோதைநாயகி மாமி. "எங்காத்துக்கு வந்தவா இலை எடுக்கப்படாது."

ஜஹானாராவின் கை இலைமேலேயே நின்றது. எந்த வார்த்தையைத் தவிர்க்கச் சொன்னாரோ அதுவே தன் வாயில் வந்துவிட்டதை மாமி கவனித்ததாகத் தெரியவில்லை. ஜஹானாரா கவனித்தாள். "சரிங்கம்மா" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். நானும் எடுத்துக்கொண்டேன். வேதவதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி குனிந்து எங்கள் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எதிர்வீட்டு வேலம்மாள் குழாயடியில் நின்றிருந்தாள். எல்லாரும் சேர்ந்து எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஸ்ரீரங்கத்துக்குங்க" என்றாள் ஜஹானாரா. "வேதாக்கா ஆத்துக்கு."

"ஆத்துக்கா? தண்ணி எவ்வளவு போகுது?"

ஜஹானாரா வேதவதியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கரை நெறையப் போகுதுங்க" என்றாள்.